ஈறு நிற இன்ஜின்

கொதிக்கும் சட்டியிலிருந்து வேதகிரி இடுக்கியால் பித்தளை அச்சுப்பெட்டியை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டுகிறார். ஆறும்வரை பொறுக்க முடியவில்லை. திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைப் பிளந்து, உள்ளே இறுகியிருக்கும் மாவுக்கட்டியைச் சிறு சுத்தியால் நான்கு தட்டுத் தட்டுகிறார். மேல் பல் செட் ஒன்று வெளியே வருகிறது. அதன் அண்ணக் குழிவில், செட்டின் ஈறுக்கு உள்ள அதே இளஞ்சிவப்பு நிறத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு புகைபோக்கி. பல் செட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுகிறார். புகைபோக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார்.

“தோ, ஒரு சின்ன கரெக்ஷன்,” என்கிறார். அறையில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைச் சொல்வார்.

வேதகிரிக்கு நாற்பத்து நான்கு வயது. உத்திரமேரூர் கடைத்தெருவில் ஓர் உரக்கடையின் மாடியில் பல் லேப் வைத்திருக்கிறார். செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் இருக்கிற பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாய் அச்சைப் பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். கண்டக்டரிடம் வாங்கிவந்து, பல் செய்து, பஸ்ஸிலேயே திருப்பி அனுப்புவார். இருபது வருடத்தில் ஒரு செட்கூடத் தாமதமானதில்லை. ஆளைப் பார்க்காமல் அச்சை மட்டும் பார்த்து, “இந்தாளு எடப்பக்கமே மெல்றாரு, சோத்துக் கைப்பக்கம் பல்லு வலிச்சிக்கினு கீது,” என்பார். மானாம்பதியில் நிலம் இருக்கிறது. அங்கே போனால் வரப்பு கோணலாக இருக்கிறது என்று மண்வெட்டியை எடுத்துவிடுவதால், இனிமேல் வர வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

அவர் உட்கார்ந்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. நாஷ்டாவை நின்றபடியே முடிப்பார். ஓட்டலில் மேசை ஆடினால் பில் காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் சொருகுவார்; பக்கத்து மேசை ஆடாமல் இருந்தாலும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். போனில் பேசினால் படியிறங்கி பஸ் ஸ்டாண்டு வரை நடந்து திரும்புவார். பேச்சு பாதி வழியில் முடிந்துவிட்டாலும் நடை முடியாது. எதிரில் நிற்பவர் பேசும்போது கண்ணைப் பார்க்கமாட்டார், பல்லைப் பார்ப்பார். நின்று வேலை செய்யும்போது வலது குதிகால் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். கீழே உரக்கடைக்காரர் அதைக் கேட்டு, “அண்ணன் கீறாரு, மேல போங்க,” என்று வருகிறவர்களுக்கு வழி சொல்வார்.

ஜனவரியில் ஆன்லைனில் மலிவான பொம்மை ரயில் ஒன்று வாங்கினார். வெளிநாட்டு நீராவி இன்ஜின். முன்னால் மாடு தள்ளும் கம்பிவலை, தலையில் ஒரு மணி, குடம்போல ஒரு விளக்கு. வந்த அன்றே இந்த மூன்றையும் பிடுங்கிப்போட்டார். இதை, முன்பு செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே மீட்டர் கேஜில் ஓடிய பாசஞ்சர் இன்ஜினாக மாற்ற வேண்டும். அந்த ரக இன்ஜின்களில் ஏதோ ஒன்றாக அல்ல; ஒரு குறிப்பிட்ட எண் உள்ள ஒரே இன்ஜினாக. அதை அவர் நேரில் பார்த்ததில்லை. அதன்மேல் பாசமா என்று கேட்டால் எரிச்சல் வருகிறது. “பாசம் இன்னா பாசம்? செரியா வருதா இல்லியா, அதான்.”

பொம்மையிலும் அசலிலும் சக்கரங்களின் எண்ணிக்கை ஒன்று. ஆனால் பொம்மையின் தண்டவாளம் மீட்டர் கேஜைவிட அகலமான பாதைக்கானது. சக்கரங்களை நெருக்கினால் மோட்டார் உடையும். இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டு வழியைக் கண்டுபிடித்தார். “சக்கரம் அப்டியே கெடக்கட்டும். மேல கீறத எல்லாம் பெருசாக்கிட்டா, கீழ கீறது தானா சின்ன லைன் ஆயிடும்ல?” அப்படியே செய்தார். கொதிகலனைச் சுற்றிப் பல் செட் செய்யும் பசையைப் பூசித் தடிமனாக்கினார். பல்லுக்குக் கிளிப் போடும் கம்பி கைப்பிடியாயிற்று. மெழுகு ஊசியால் சொட்டு வைத்து ஆணித்தலைகள். இஸ்திரி வண்டியில் வாங்கிய கரி, பொடித்து, நிலக்கரி. வண்ணம் அடிக்கும்வரை முழு இன்ஜினும் ஈறு நிறத்தில் மேசைமேல் நின்றது. அவர் மனைவி பவளம் வருகிறபோதெல்லாம், “இன்னும் பல்லு மொளைக்கலியா இதுக்கு?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

உத்திரமேரூரில் இதைப் பார்க்கிறவர்கள் ‘ஓடுமா?’ என்று கேட்பார்கள். ஓடும் என்று தெரிந்ததும் போய்விடுவார்கள். தாம்பரத்தில் மாதிரி ரயில் செய்கிறவர்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒருநாள் கண்காட்சி வைக்கிறார்கள். அங்கே வருகிறவர்கள் ஓடுமா என்று கேட்கமாட்டார்கள், குனிந்து பார்ப்பார்கள். ஒரு தடவையாவது விஷயம் தெரிந்த ஒருவர் தன் இன்ஜினைக் குனிந்து பார்க்க வேண்டும். வேதகிரிக்கு வேண்டியது அவ்வளவுதான். இரண்டு வருடம் பெயர் கொடுத்தார். முதல் வருடம், கிளம்புகிற அன்று காலை கூரை அரை மில்லிமீட்டர் உயரம் என்று பிரித்துவிட்டார். அடுத்த வருடம் செங்கல்பட்டு வரை போய், பெட்டியைத் திறந்து பார்த்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அந்த இரண்டு இன்ஜின்களும் இன்று துண்டுதுண்டாகச் செருப்பு அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. இந்தத் தடவை அமைப்பாளர் கிரிதர் போனில் மரியாதையாகவே சொன்னார்: “சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த வருஷமும் வரலைன்னா அப்புறம் உங்களுக்கு டேபிள் தர்றது கஷ்டம்.”

மாதிரிக்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு படம். கடையை மூடிவிட்ட போட்டோ ஸ்டூடியோக்காரர் ராஜாராம் பழைய நெகட்டிவ் ஒன்றை வெளிச்சத்தில் வைத்து, செல்போனில் எடுத்து அனுப்பியது. வாலாஜாபாத் ஸ்டேஷனில் இன்ஜின் பக்கவாட்டில் நிற்கிறது. ஒரு ஆள் எண் பலகையை மறைத்துச் சாய்ந்து நிற்கிறார். எண்ணை ராஜாராமே நெகட்டிவ் உறையில் பார்த்துச் சொன்னார். அதே ரக இன்ஜின்களின் படங்கள் நெட்டில் எவ்வளவோ உண்டு. வேதகிரி நம்பமாட்டார். “ஒவ்வொரு ஷெட்டுலயும் அவனவன் இஷ்டத்துக்குக் குழாய மாத்தி வெச்சிருப்பான். நம்ம இன்ஜினு இது ஒண்ணுதான்.” நீளக் கம்பி, குழாய்கள், கருவிப்பெட்டி, தண்ணீர்த் தொட்டியில் அடித்த ஒட்டுத் தகடு எல்லாம் அந்தப் படத்தில் எங்கே இருந்தனவோ அங்கேயே வைத்தார்.

கண்காட்சிக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், கறுப்பு வண்ணம் காய்ந்து இன்ஜின் தயாராக நின்றது. திருத்த ஒன்றுமில்லை. வேதகிரி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பவளத்துக்குப் பக்கத்துத் தெருவில் தையல் கடை. பள்ளிச் சீருடைகள்தான் அதிகம். இன்ஜினுக்காகப் பஞ்சு வைத்துத் தைத்த பை ஒன்றுடன் மாடியேறி வந்தார். மேசையில் இன்ஜினுக்குப் பக்கத்தில் வைப்பதற்காகப் பெரிதாக அச்சடித்த படம் கிடந்தது. அதைக் கையில் எடுத்தார். ஆறு மாதமாக வீட்டில் அடிபடுகிற படத்தை அன்றுதான் பார்த்தார். பார்த்தது இன்ஜினை அல்ல.

“இந்த ஆளு சட்டைய எவன் தெச்சான்?”

“எந்த ஆளு?” அந்த ஆளை வேதகிரி எண்ணை மறைக்கிற இடைஞ்சலாக மட்டுமே அதுவரை பார்த்திருந்தார்.

“பாக்கெட்டு சோத்துக் கைப்பக்கம் கீது பாரு. பட்டன் பட்டியும் மாறிக் கீது.”

“அந்தக் காலத்துல அப்டி வெச்சிருப்பான்.”

“எந்தக் காலத்துலயும் வெக்கமாட்டான். ரெண்டாயிரம் சட்ட தெச்சிக் கீறேன், எங்கிட்ட சொல்றியா நீ?”

வேதகிரி பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பிறகு ராஜாராமுக்குப் போன் செய்தார். அன்று போனோடு படியிறங்கவில்லை.

“அண்ணே, அந்த நெகட்டிவ எந்தப் பக்கமா வெச்சி எட்த்தீங்க?”

“எந்தப் பக்கம் வெச்சா இன்னா நைனா? படம் வந்துச்சா இல்லியா?”

“பளபளன்னு கீற பக்கம் மேலயா, கீழயா?”

“இரு, பாக்கறேன்.” சற்று நேரம் டப்பா உருட்டும் சத்தம். “கீழ வெச்சிட்டேன் போலக் கீது. ஏன், இன்னா பேஜாரு இப்ப?”

படம் இடம்வலம் மாறி விழுந்திருந்தது. இன்ஜினில் இடது பக்கம் இருக்க வேண்டியவை எல்லாம் வலது பக்கம் ஏறியிருந்தன. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் எங்கேயாவது ஓரிடத்தில் கண் உறுத்தியிருக்கும். வாய் அச்சில் மேடு பள்ளமாக இருக்கும், பள்ளம் மேடாக இருக்கும். நாள் முழுக்க மாறிக் கிடப்பதையே நேராகப் படித்துப் பழகிய கண் அவருடையது. மாறிக் கிடந்த படமும் அதற்கு நேராகவே தெரிந்தது.

திருப்புளியை எடுத்தார். பவளம் பையை இன்ஜின்மேல் கவிழ்த்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“கைய எடு. எல்லாத்தையும் பிச்சி அந்தாண்ட மாத்தணும்.”

“எத்தினி நாளாவும்?”

“ஒரு பத்து நாளு.”

“காத்தால பஸ்ஸு.”

“தப்ப எட்த்துக்கினு எப்டிமே போறது?”

“போன வருசமும் தப்பு, அதுக்கு முன்ன வருசமும் தப்பு. அந்தாளு போன் பண்ணா பொய் சொல்றது யாரு? நானு. ஒரு தபா உனுக்குக் காய்ச்சலு. ஒரு தபா சாவு. இந்தத் தபா யார சாவடிக்கட்டும், சொல்லு.”

வேதகிரியின் குதிகால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. பவளம் படத்தை மறுபடி எடுத்துத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு கீழே போனார். போகும்போது இன்ஜினைப் பையோடு எடுத்துக்கொண்டு போனார்.

அரைமணி கழித்து இன்ஜினோடு, தையல் கடைச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியையும் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

“படம் திரும்பிக் கீது. நீயும் திருப்பி செஞ்சிட்ட. இதுல காட்டினா மறுபடி திரும்பிடும்ல?”

வேதகிரி கண்ணாடியைச் சுவரில் சாய்த்தார். விவரங்கள் உள்ள பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி இன்ஜினை நிறுத்தினார். குனிந்தார். கண்ணாடிக்குள் ராஜாராமின் நெகட்டிவில் இருக்கிற இன்ஜின், குழாயும் கம்பியும் ஒட்டுத் தகடும் அதனதன் பக்கத்தில், நின்றது. குதிகால் நின்றுவிட்டது.

“நம்பரு,” என்றார். எண் கண்ணாடியில் மாறித் தெரிந்தது.

“அத்தயும் திருப்பி எழுது.”

எண்ணில் ஒரு மூன்றும் ஒரு ஏழும் இருந்தன. வேதகிரி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மெழுகில் நான்கு இலக்கங்களையும் மாற்றிச் செதுக்கி, வார்த்து, தேய்த்து, ஒட்டினார். ஐந்தரை மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இருவரும் முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் போனார்கள். கண்ணாடியைப் பழைய புடவையில் சுற்றியிருந்தார்கள். கிரிதர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். “வந்துட்டீங்களா?” என்று கேட்டு, ஏழாம் நம்பர் மேசையைக் காட்டினார். காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணிவரை வேதகிரி மேசைக்குப் பின்னால் நின்றார். வந்தவர்களில் பாதிப்பேர் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போனார்கள். சிலர் எண்ணைத் தப்பாக எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து, வெகுநேரம் கண்ணாடிக்குள் பார்த்தார். “லெஃப்ட் சைடுதானே இது?” என்று கேட்டார். “லெஃப்டுதான் சார்,” என்றார் வேதகிரி. அவர் இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். மத்தியானம் சாம்பார் சாதம் கொடுத்தார்கள். நாலரைக்கு ரயில் ஏறினார்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மறைமலைநகர் தாண்டியதும் வேதகிரி மடியிலிருந்த பையின் நாடாவை அவிழ்த்து, திருப்புளியை எடுத்தார். பவளம் வெளியே பார்த்தபடியே உள்ளங்கையை விரித்து அவர் பக்கம் நீட்டினார். இன்ஜினிலிருந்து கழற்றிய முதல் திருகாணியை வேதகிரி அதில் வைத்தார்.