செவலைக்குப் போடாத ஊசி

ஸ்பிரிட் வாடையும் சாண வாடையும் கலந்து வீசிய புங்கமரத்தடியில் நடந்த கால்நடை முகாமுக்கு எங்கள் வீட்டிலிருந்து நைனா வந்திருந்தார், அம்மா வந்திருந்தாள், ஐந்து வயதுத் தங்கை வள்ளியும் நானும் பசுவும் வந்திருந்தோம். வராதது எங்கள் நாய் செவலை மட்டும். செஞ்சிக் கோட்டை மலையடியில் நாங்கள் குத்தகைக்குப் பயிரிட்ட "மல்லாட்டை", அதாவது வேர்க்கடலை, காய் பிடிக்கிற காலம். காட்டுப்பன்றி இறங்காமல் காக்க செவலை அந்தக் கொல்லியில், அதாவது நிலத்தில், இருந்தாக வேண்டும் என்பது நைனா சொன்ன காரணம். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாய்க்கு "ரோசம்" செத்துவிடும், பிறகு பன்றியைக் கண்டாலும் வாலாட்டும் என்று எங்கள் தெருவே நம்பியதுதான் உண்மையான காரணம்.

"நாய் எங்கய்யா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கொல்லியில காவலுக்கு நிக்குதும்மா. அதுக்கு ஒரு நோவும் இல்ல."

"நோவு வர்றதுக்கு முன்னாடி போடறதுதான்யா இது. பசுவுக்கு கோமாரி ஊசின்னா மட்டும் மொத ஆளா வந்து நிக்கிற?"

"பசு பால் கறக்குது. நாய் இன்னா கறக்குது?"

வரிசையே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். ஆனால், "கடிச்சா சோப்பு போட்டு கழுவுங்க, வேற எதையும் தடவாதீங்க" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்திவிட்டுத்தான் அடுத்த மாட்டிடம் போனார்.

மல்லாட்டை பிடுங்கி முடித்த வாரம் செவலை காது கிழிந்து வீடு திரும்பியது. எந்த நாயோடு சண்டை போட்டதோ, தெரியாது. சோற்றை மோந்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. ஊட்டிவிடப் போன வள்ளியைக் கன்னத்தில் கடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் எருக்கம்பாலோடு ஓடிவர, அம்மா அவரைத் தள்ளிவிட்டு, வள்ளியைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் துணி சோப்பால் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முகத்துக் கடி என்பதால் காயத்தைச் சுற்றியே ஊசி இறக்கினார்கள். மிச்ச ஊசிகளுக்கு நாள் குறித்துக் கொடுத்த டாக்டர், "நாயைக் கட்டிப் போட்டு பத்து நாள் பாருங்க. அதுக்கு ஒண்ணும் ஆகலன்னா பயமில்ல" என்றார்.

கட்டினோம். அதற்குள் தெருவில் தடிகள் வந்துவிட்டன. "வெறி புடிச்சதை வெச்சிக்கினு இன்னாய்யா பண்ற? அடிச்சிப் போடு!" மறுநாள் காலை கயிறு மட்டும் கிடந்தது. நைனாவே செவலையை மலைக்குப் பின்புறம் ஓட்டிப்போய் விட்டுவிட்டு வந்திருந்தார். "கையால வளத்தது. அடிச்சிக் கொன்னா பாத்துக்கினு நிக்க சொல்றியா?" என்று அம்மாவிடம் சீறினார்.

விஷயத்தைக் கேட்ட கால்நடை முகாம் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அதைப் பாத்துதான்யா தெரிஞ்சிக்கணும், அதுக்கு வெறியா இல்லையான்னு. இப்ப எதைப் பாக்கறது? இன்னும் எத்தினி பேரைக் கடிக்கப் போவுதோ!" அதைக் கேட்டதும் நைனா மலைக்குக் கிளம்பினார். அவரும் நானும் பாறை பாறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடினோம். செவலை கிடைக்கவில்லை.

ஊசிகள் எல்லாம் போட்டு முடிந்தன. இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னது அம்மா காதில் ஏறவில்லை. வெறி கண்டவர்கள் தண்ணீருக்கு மிரளுவார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. தினமும் காலையில் வள்ளி கையில் சொம்பைக் கொடுத்து, அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கதவோரத்தில் நைனா நிற்பார். ஒருநாள் வள்ளி விளையாட்டாக, "வேணாம் போ" என்று சொம்பைத் தள்ளிவிட்டாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். பயந்துபோன வள்ளி சொம்பை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரை மடமடவென்று குடித்துக் காட்டினாள்.

இன்று வள்ளி கல்லூரிக்குப் போகிறாள். அந்தக் கொல்லி மனைகளாகிவிட்டது. மல்லாட்டையும் இல்லை, காவல் நாய்களும் இல்லை. புதிதாக வந்த வீடுகளில் காசு கொடுத்து வாங்கிய குட்டிகள் வளர்கின்றன. ஊசி போட்டாயிற்றா என்று கேட்டால், "வீட்டுக்குள்ளயே கெடக்குதுப்பா, அதுக்கு எதுக்கு ஊசி?" என்கிறார்கள். வெறியைப் பற்றி நான் சொல்வதைக் காதில் வாங்காதவர்களும் செலவைச் சொன்னால் நின்று கேட்கிறார்கள். அதனால் சொல்கிறேன்: முகாமில் செவலைக்கு இலவசமாகவே போட்டிருப்பார்கள், வள்ளிக்கு ஆஸ்பத்திரி, மருந்து, பஸ் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது பதினோராயிரத்துச் சொச்சம்.