ராத்தா அடிக்காத மணி

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி என்று இருந்தது பூவரச மரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. பாடம் மாறினால் ஓர் அடி. விடாமல் அடித்தால் வீட்டுக்குப் போகலாம். உயர்தர வகுப்பை முடித்துப் போகிறவர்கள் மட்டும் கடைசி நாளில் வரிசையாக நின்று இரும்புக் கம்பியால் ஆளுக்கொரு அடி அடிப்பார்கள். கேக் வெட்டுவதும் வெள்ளைச் சட்டையில் பேனாவால் பெயர் எழுதுவதும் எல்லா ஊரிலும் நடக்கும், இது எங்களுடையது. நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு லொறி வேலைக்குப் போய்விட்டதால் அந்தக் கம்பி என் கைக்கு வரவில்லை.

எனக்கு மூத்தவளான ராத்தாவுக்கு வந்தது. உம்மா வந்து பார்க்கவேண்டும் என்று ஒரு மாதமாக ஒரே கதை. உம்மா அப்போது பாலாவிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தாள்.

"நீ இரும்பில அடிக்கிறதைப் பார்க்க நான் லீவு போடவா? வீட்டில சட்டியில அடி, பார்க்கிறன்."

ராத்தா சிரிக்கவில்லை. "நீங்க வராம நான் கம்பியைத் தொடமாட்டன்" என்றாள்.

அந்த நாள் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் கூட்டல் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. டீச்சர் சோக்கும் கையுமாக வாசலுக்கு வருவதற்குள் சின்ன வகுப்புகள் எல்லாம் தெருவில் நின்றன.

தெருமுனையில் உம்மா எதிரே வந்தாள். பெருநாளுக்கு உடுக்கும் அபாயா அங்கி, காலில் மட்டும் உப்பளத்துச் சேறு.

"எங்கயடா ஓடிவாறாய்?"

"ஸ்கூல் விட்டாச்சு உம்மா."

"ராத்தா?"

"அவ அடிச்சு முடிஞ்சிருக்கும்."

உம்மாவின் முகம் வாடிவிட்டது. வீட்டுப் பக்கம் திரும்பியவள் சற்று நின்று கவனித்தாள்.

"விட்ட ஸ்கூலுக்கு ஏன்டா இன்னும் மணி அடிக்குது?"

என் காதைப் பிடித்துத் திருப்பினாள். மற்றவர்களுக்கு ஓர் அதட்டல் போதுமாக இருந்தது.

வாசலில் தவித்துக்கொண்டு நின்ற பள்ளி அதிபர், "நல்ல வேளை, நீங்க பிடிச்சுக்கொண்டு வந்தீங்க" என்றார். உம்மா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவள் மரத்தடியைப் பார்த்தாள். ராத்தா தன் முறை வரும்போதெல்லாம் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றிருக்கிறாள். கூட்டாளிகளும் மணியை நிறுத்தவிடாமல், அடித்தவர்களே திரும்பவும் சுற்றிவந்து அடித்திருக்கிறார்கள்.

"வந்துட்டாவடி உன்ட உம்மா, இனியாவது அடி! எங்களுக்குக் கை நோகுது" என்று ஒருத்தி கத்தினாள்.

ராத்தா கம்பியை வாங்கி உம்மாவின் கையில் வைத்தாள்.

"எனக்கு என்னத்துக்குடி? படிச்சது நீதானே?"

"ஒரு தரம் உம்மா."

உம்மா ஓர் அடி அடித்தாள். சத்தம் களப்புத் தண்ணீர் வரை போயிருக்கும். பிறகு யாரும் சொல்லாமலே இன்னோர் அடி, அதற்குமேல் இன்னோர் அடி. "போதும்" என்று சொல்ல வாயெடுத்த அதிபர் சற்றுப் பின்வாங்கி இடம் விட்டார். உம்மா சிரித்துக்கொண்டே அபாயாக் கையால் கண்ணைத் துடைத்தாள். துரு விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

மன்னாரில் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, சண்டைக் காலத்தில் முஸ்லிம்களை இயக்கக்காரர் ஊரைவிட்டுப் போகச் சொன்னதால், புத்தகங்களை மேசைக்குள் விட்டுவிட்டு வந்தவள் உம்மா. அவளுடைய கடைசி நாளுக்கு யாரும் மணி அடிக்கவில்லை. ராத்தாவுக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. உம்மா விடாமல் அடிப்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஓடினேன். என் பின்னால் சின்ன வகுப்புகள் எல்லாம்.