காமாலை என்று நான் சொன்ன பொய்

பெருங்குடலில் வந்த புற்றுநோய் எனக்கு ஈரலுக்கும் பரவியிருந்தது. கீமோ கொடுத்துக் கட்டிகளைச் சுருக்கிவிட்டு ஈரலில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள். மனைவி இறந்தபின் இராஜாக்கமங்கலத்தில் தனியாக இருக்கிறேன், மகன் துபாயில். புற்றுநோய் என்றால் ஊர் பார்க்கும் பார்வைக்குப் பயந்து, 'மஞ்சள்காமாலை' என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

மறுநாள் முதலே பக்கத்து வீட்டு ராஜம் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தார். "ஒரே மடக்குல குடிச்சிருங்க அண்ணாச்சி" என்று டம்ளர் காலியாகும்வரை நின்று, மீன் விலையும் மழையும் பேசிவிட்டுப் போவார். நாள் முழுவதும் நான் கேட்கும் மனிதக் குரல் அது ஒன்றுதான். அதற்காகவே தினமும் குடித்தேன்.

நான்காவது கீமோவுக்குப் போனபோது ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவுகள் ஏறியிருந்தன. இன்று மருந்து ஏற்ற முடியாது என்ற டாக்டர், "வேற என்னமும் குடிக்கியளா?" என்று கேட்டார். சொன்னேன். "அதனாலதானான்னு உறுதியா தெரியாது. ஆனா இன்னையோட நிறுத்துங்க."

நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் அளவுகள் இறங்கின, சிகிச்சை தொடர்ந்தது.

நிறுத்திய அன்றைக்கே ராஜத்திடம் உண்மையைச் சொன்னேன். "மொதல்லயே சொல்லப்பிடாதா அண்ணாச்சி? நான் சும்மாவும் வருவேம்லா!"

இப்போது டாக்டரைக் கேட்காமல் எந்தப் பச்சிலையையும் தொடுவதில்லை. யார் விசாரித்தாலும் நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ராஜம் மட்டும் தினமும் காலையில் வருகிறார், வெறுங்கையோடு.