குச்சியைத் தொடாதவர்

பிரிக்பீல்ட்ஸில் மறதிநோய்க்காரர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்கு நான் உதவப் போவதுண்டு. அங்கே ஒரு பெரியவர்; இஸ்திரி கலையாத சட்டை. சீனச் சமையல்காரம்மா மீ நூடுல்ஸைச் சாப்பிடும் குச்சியோடு பரிமாறும்போதெல்லாம், "இந்தக் குச்சிய நான் வாழ்க்கையில தொட்டதே இல்ல" என்பார். நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம். பழகியது அவருக்கு நினைவில்லை. விரல்கள் மட்டும் வாரத்துக்கு வாரம் தேறின.

ஒருநாள் அவர் மகன் அப்பாவுக்கென்று ஒரு ஃபோர்க்கோடு வந்தார். "அப்பாவுக்கு இனிமே புதுசா ஒன்னும் ஏறாது லா. ஏன் வீணா சொல்லிக் குடுக்கிறீங்க?" அப்பாவின் காதுபடவே இப்படிச் சொன்ன மேதாவி, தானும் ஒரு தட்டு மீ வாங்கிக் குச்சியை எடுத்தார். மீன் உருண்டை வழுக்கி மேசைக்கடியில் ஓடியது.

பெரியவர் தம் தட்டு உருண்டையைக் குச்சியால் அலுங்காமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்: "யாருங்க இந்தத் தம்பி? பாவம், அந்த ஃபோர்க்க அவருக்கே குடுங்க."

மகனுக்காக இரக்கப்பட முயன்றேன். இன்றுவரை முடியவில்லை.