எல்லாக் கம்ப்யூட்டரிலும் மாமா

என் அக்கா புருஷனும் நானும் ஒரே ஆபீஸ். பலர் எழுதும் புரோகிராம்களைத் திரட்டி, வாடிக்கையாளருக்கு அனுப்பும் பேக்கேஜாக்குவது மாமாவின் வேலை. அதற்கு எங்களிடையே பில்ட் என்று பெயர். தங்கமான மனிதர், 'முடியாது' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது.

அந்த பில்ட் அவர் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். மற்றவர்கள் ஓட்டினால், ஃபோல்டரைக் காணோம் என்று பாதியில் படுத்துவிடும். எது எங்கே இருக்கிறது என்று பில்டுக்குச் சொல்லும் கான்ஃபிகரேஷன் ஃபைலில் எப்போதோ சோதனைக்காகத் தன் சொந்த ஃபோல்டரை எழுதிவைத்தவர், அதை அடியோடு மறந்துபோயிருந்தார். அந்த ஃபைலைத் திறக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. மேனேஜர் வேறு வழி கண்டுபிடித்தார்: எல்லோரும் மாமா பெயரிலேயே லாகின் செய்யுங்கள்! செய்தோம். எல்லாக் கம்ப்யூட்டரிலும் மாமாவின் ஃபோல்டர் முளைத்தது, பில்ட் ஓடியது. மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அக்காவுக்கு முதல் பிரசவம். பக்கத்திலேயே இருப்பேன் என்று மாமா சத்தியம் செய்திருந்தார். வலி எடுத்துவிட்டதாகப் போன் வந்ததும் லீவு போட்டார். கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது.

"நீங்க எல்லா டேபிள்லயும் வேலை பார்த்துட்டு இருக்கீங்க சார்," என்றார் லீவு கணக்குப் பார்க்கும் அம்மா. "ஒருத்தர்னா அனுப்பிடலாம். மொத்த ஆபீஸையும் எப்படி அனுப்புறது?"

மனுஷன் எழுந்து ஓட வேண்டாமா? உட்கார்ந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயும் அவர் பேர்லதானே உட்கார்ந்திருக்க? நீ போயிட்டு வா. கணக்கு சரியாயிடும்."

மாமாவின் அடையாள அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"மாப்ள, நீ முன்னாடி போ," என்றார் மாமா. "இதச் சரி பண்ணிட்டு ஓடி வந்துடறேன்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அட்டையைப் பார்த்தார். "அப்பா வந்தாச்சு!" என்று குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார். நான் தாய்மாமன் என்று கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. அக்கா என்னைத் தாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் மாமா மூச்சிரைக்க வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த ஃபைல்ல ஒரே ஒரு வரிதான்! மாத்திட்டேன். இனிமே நான் இல்லாமலே எல்லாம் ஓடும்!"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "இங்கயும் நீங்க இல்லாமலேதாங்க எல்லாம் ஆச்சு."

மாமா சுவரோரம் அப்படியே உட்கார்ந்து தேம்பி அழுதார். அத்தனை கோபத்திலும் எனக்கு மனசு கேட்கவில்லை. குழந்தையை அவர் மடியில் வைத்தேன்.