மூன்றாம் நாள் நடுக்கம்

முருகனுக்கு மாலை போட்டிருக்கும் சொந்தங்களே, எனக்குச் சாமி வந்துவிட்டது என்று ஒரு தோட்டமே என் காலில் விழுந்த கதையைச் சொல்கிறேன். கூச்சத்தோடுதான் சொல்கிறேன்.

எனக்கு ஊர் போடி. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. உடம்பு வலிக்கு என்று சாயங்காலம் ஆரம்பித்த குடி, நாலைந்து வருடத்தில் மத்தியானத்துக்கு வந்தது. பிறகு, விடிந்ததும் ஊற்றினால்தான் சட்டைப் பித்தானைப் போட முடியும் என்றானது. அப்போதும் நான் குடிகாரன் என்று ஒப்புக்கொள்ளவில்லை. மாலை போட்டால் விட்டுவிடுகிறேனே என்று பீற்றிக்கொள்வேன். கழற்றிய அன்றைக்கே கடைக்கு ஓடுவேன். மாலை போட்ட முதல் இரண்டு நாள் உடம்பு நடுங்கும். வருடத்துக்கு வருடம் நடுக்கம் கூடியது. விரதம் ஏறுகிறது என்றார்கள்.

என் அப்பாவும் குடித்தவர்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, மாலை போட்ட மூன்றாம் நாள் நடுங்கியே இறந்தார். சாமி கூட்டிக்கொண்டது என்று தோட்டத்து ஓரத்தில் கல் நட்டார்கள். ஆத்தா அமாவாசைதோறும் அங்கே ஒரு குவார்ட்டர் பாட்டில் வைத்துக் கும்பிடுவாள்.

மூன்று வருடத்துக்கு முன், மார்கழியில் மாலை போட்டேன். "முருகா, இந்தத் தடவ கழட்டுன பெறகும் என்னையப் பிடிச்சுக்க" என்று அழுதேன்.

மூன்றாம் நாள் காலை, தோட்டத்தில் பனிமூட்டமாக மஞ்சு இறங்கியிருந்தது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். குரல் என்னுடையது. திரும்பினேன். போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த அப்பா, ஏலச்செடிகளுக்கு நடுவே ஈரச் சட்டையோடு நின்றார். தூரில் காய்த்திருந்த காய்கள் எல்லாம் கண் திறந்து என்னைப் பார்த்தன. உடம்பு தூக்கிப் போட்டது.

காய் எடுக்கிற பெண்கள் கூடையை வைத்துவிட்டு ஓடிவந்து திருநீறு பூசிக் காலில் விழுந்தார்கள். ஒருத்தி மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டாள். என் வாய் என்னவோ சொன்னது.

ஆத்தா முன்னால் வந்தாள். "வந்திருக்கது யாருய்யா?"

"மாயாண்டி" என்றேன். அது அப்பாவின் பெயர்.

"எதுக்கய்யா வந்திருக்கே?"

"மகனக் கூட்டிட்டுப் போக."

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. என் மனைவி செல்வி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாளாம். தோட்டத்து நர்சை இழுத்துக்கொண்டு வந்தாள். நர்ஸ் என் கண் இமையைத் தூக்கிப் பார்த்து, கடைசியாக எப்போது குடித்தேன் என்று செல்வியிடம் கேட்டார்.

"மாலை போட்ட அன்னைக்குக் காலையிலக்கா."

"இது சாமியில்லம்மா. குடிய டக்குனு நிறுத்துனதால வந்த நடுக்கம். வெரசா கீழ கொண்டு போகலேன்னா உசுரு நிக்காது."

என்னை ஏற்றிய தோட்டத்து ஜீப்பை ஆத்தா மறித்தாள். சாமி வந்த உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்கூடாது என்றாள்.

செல்வி கேட்டாள்: "அத்தை, மாமாவுக்கும் மூணாம் நாளுதான?"

ஆத்தா மறித்த கையை எடுத்தாள். பிறகு அவளே ஜீப்பில் ஏறி என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தேன். இத்தனை வருடம் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் மூளை கலங்கும், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். தை கழிந்து ஒருமுறை வழுக்கிக் குடித்துவிட்டேன். மறைக்காமல் செல்வியிடம் சொல்லிவிட்டு மறுபடி டாக்டரிடம் போனேன். குடியை விட்டவர்கள் போடியில் வாரம் ஒருமுறை கூடுகிறார்கள். அங்கே தவறாமல் போகிறேன். மாலை கழற்றியும் முருகன் என்னைப் பிடித்திருக்கிறான். அவன் பிடி என்று நான் உணர்வது செல்வியின் கையைத்தான்.

இப்போதும் மஞ்சு இறங்கும்போது சில நாள் என் குரல் கேட்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பதில்லை. முருகா என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்க்கிறேன்.

வீடு திரும்பியபின் வந்த அமாவாசைக்கு ஆத்தா அப்பாவின் கல்லுக்குப் பாட்டில் கொண்டுபோகவில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே நின்னேனேய்யா. ஒன்னையத் தூக்கிட்டு ஓடியிருக்கணும்யா."

மாலை போடுங்கள், சொந்தங்களே. குடிக்கிறவர் என்றால் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மூன்றாம் நாள் ஒருவர் நடுங்கினால் காலில் விழாதீர்கள். தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முருகன் கூடவே வருவான்.