காரைக் காயப்போட்டவள்

ஏற்காட்டு மலையிலுள்ள கொட்டச்சேட்டில் மேனகா என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் பிடிபடாது. களத்து மேனகா என்றால்தான் வழி சொல்வார்கள். காபிப் பழத்தைப் பரப்பிக் காயவைக்கும் எஸ்டேட் களத்துக்கு அவள்தான் மேஸ்திரி. பதினாறு வயதில் பழம் பறிக்க வந்தவள், இன்றைக்கு நாற்பத்தேழு வயதில் பன்னிரண்டு பேரை வேலை வாங்குகிறாள். அவள் களத்தில் வாயைத் திறந்தால் எஸ்டேட் கேட் வரைக்கும் கேட்கும். தினமும் கேட்பது ஒரே வாசகம்தான்.

“ஈரத்தோட மூடாதீங்கடி! வேர்த்துப் போவும்!”

அரைகுறையாகக் காய்ந்த காபியைத் தார்ப்பாயால் மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும். அந்த விஷயத்தில் அவளை ஏமாற்ற மலையில் ஆள் கிடையாது. ஒரு கை அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்குவாள். கலகலவென்றால் காய்ந்துவிட்டது. சத்தம் மந்தமாக வந்தால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும். மிஷின் வைத்துப் பார்த்தாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

இப்பேர்ப்பட்டவள்தான் ஒரு காரை ஈரத்தோடு மூடிக் கெடுத்தாள். அதை மறைத்துவிட்டு அவள் ஜெயித்ததை மட்டும் சொன்னால் அது கதையாக இருக்காது, பாராட்டுப் பத்திரமாகத்தான் இருக்கும்.

எண்பத்து நாலாம் வருடத்துப் பத்மினி கார், புறா நிறம். ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு டாக்டர் பங்களாவின் ஷெட்டில் நின்றிருந்தது. அந்தக் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும்போது விலைக்கு வந்தது. மேனகா எஸ்டேட் ஜீப்பில் பழகி, நாற்பது வயதில் லைசென்ஸ் எடுத்து, ஏழு வருடமாக அடுத்தவர் வண்டியையே ஓட்டிக்கொண்டிருந்தவள். அந்தக் காரின் உருண்டைக் கண்ணைப் பார்த்ததும் மனசைப் பறிகொடுத்து, வாங்கியும்விட்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது. ஆசைக்கு என்ன காரணம் வேண்டிக்கிடக்கிறது?

அவள் கணவர் ஜீவானந்தம் அதிகம் பேசாத மனிதர். சொந்தமாக இருக்கும் கொஞ்சம் நிலத்தில் மிளகு வைத்திருக்கிறார். அவரே அன்றைக்கு வாயைத் திறந்தார். “ஏம்புள்ள, புதுக் காரு வெச்சிருக்கறவங்களே இந்த மழைக்குப் பயப்படறாங்க. நீ இதைய எப்படிக் காப்பாத்துவே?”

“வருசா வருசம் காபியவே காப்பாத்தறேனுங்க. ஒரு காரைக் காப்பாத்த மாட்டேனா?”

அவர்கள் வீட்டுக்குப் போகும் பாதையில் கார் போகாது. அதனால் களத்தின் ஓரத்தில் நிறுத்திக்கொள்ள எஸ்டேட் ரைட்டர் வெங்கடாசலம் இடம் கொடுத்தார். கணக்கு எழுதுகிறவர், சட்டை கசங்காதவர். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். இவ்வளவு பழைய காரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சேலத்தில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்க வேண்டும். அந்தத் தவணை தை மாதம் வருகிறது.

“தையில எஃப்.சி. வாங்கோணும். இல்லீன்னா பழைய இரும்புக் கடைக்காரனைக் கூப்புட்டுருவேன். என்ற களம் ஒண்ணும் சுடுகாடு இல்ல பாத்துக்க.”

ஜூனில் மழை இறங்கியது. மேனகா காரைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தண்ணீர் சொட்டச் சொட்ட இரட்டைத் தார்ப்பாயை இழுத்து மூடினாள். ஓரம் முழுக்கக் கல் வைத்தாள். ஒரு சொட்டு உள்ளே போகாது என்று இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். நான்கு மாதம் தொடவே இல்லை. காபியை மூடினால் மறுநாள் காலையில் திறக்கிறவள், இதைத் திறக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

ஆயுத பூஜைக்கு ஜீப், டிராக்டர் எல்லாம் களத்தில் வரிசை கட்டி நின்றன. ஊரே கூடியிருந்தது. மேனகா எலுமிச்சம்பழமும் சந்தனமுமாக வந்து தார்ப்பாயை உருவினாள். குப்பென்று ஒரு வாடை அடித்தது. சீட்டெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல் கதவைத் திறந்து காலை உள்ளே வைத்தாள். துருப்பிடித்த தரை பொலபொலவென்று உதிர்ந்து, கால் நேராகக் களத்தில் வந்து நின்றது.

“அடடே, சாமி கும்புடறதுக்கு முந்தியே காரு உன்ற கால்ல உழுந்துருச்சே!” என்றார் ரைட்டர். களமே குலுங்கிச் சிரித்தது. அவர் அதோடு நிறுத்தவில்லை. “இது எஃப்.சி. வாங்கிட்டு மலையேறி வந்துச்சுன்னா, நான் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு நாளு முச்சூடும் இந்தக் களத்துல காபி தள்ளறேன்!”

மேனகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முப்பது வருடத்தில் அந்தக் களத்தில் அவள் தலைகுனிந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஏற்காட்டிலிருந்து டிங்கரிங் வேலை செய்யும் அன்வர் வந்தார். காரைச் சுற்றி வந்தார், தார்ப்பாயைப் பார்த்தார். “யாருங்கக்கா இப்படிப் பொட்டணம் கட்டுனது? மழை ஒண்ணும் உள்ள வரலீங்க. நீங்களே கழுவி ஈரத்தோட மூடியிருக்கீங்க. உள்ளயே வேர்த்துப்போச்சு.”

வேர்த்துப்போச்சு! மேனகா அப்படியே ஒரு காபி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். தினமும் தொண்டை கிழியக் கத்துகிற வாசகத்தை, அடுத்த ஊர்க்காரர் வந்து அவளுக்கே சொல்கிறார். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் எழுந்தாள். “பாய், வெட்ட வேண்டியதை வெட்டி எடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். ஈரத்தை எனக்கு நொம்ப நல்லாத் தெரியும்.”

அன்வர் செத்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தார். மேனகா வேலை முடிந்து வந்து, அடியில் பாய் விரித்துப் படுத்து, உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்தாள். முகமெல்லாம் செம்மண் கொட்டியதுபோல் ஆகும். தேய்த்த இடத்தில் மறுபடி துரு ஏறாமல் அன்றைக்கே ரெட் ஆக்சைடு பூசினாள். அதற்கு மேல் அன்வர் கருப்புக் கோட்டிங் அடித்தார். கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு, அவை மண்ணடைத்துக் கிடந்தன. காபிச் செடிக் குச்சியால் ஒவ்வொன்றையும் குத்தித் திறந்தாள்.

பிறகு களத்து முறைக்கு வந்தாள். காபி மூட்டையை வெறுந்தரையில் வைக்கமாட்டார்கள், அடியில் காற்று போக வேண்டும். காருக்கும் கல் அடுக்கி, பலகை பரப்பி, மேலே கூரை போட்டாள். சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் தட்டி கட்டி, மற்ற பக்கங்களைத் திறந்து விட்டாள். ஐப்பசி மழை விட்டு வெயில் தலைகாட்டினால் போதும், காரை வெளியே நகர்த்தி நாலு கதவும் பானெட்டும் டிக்கியும் திறந்துவைப்பாள். மிதியடி கொடியில் தொங்கும். “மேனகா காரைக் காயப்போட்டிருக்கா” என்று பக்கத்து ஊர் செம்மநத்தம் வரைக்கும் பேச்சு. அவள் அசரவில்லை. தினமும் தரையைச் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்பாள். ஆரோக்கியமான தகரம் டங்கென்னும். துரு தொட்ட இடம் தொப்பென்னும். தொப்பென்ற இடத்தில் மறுபடி உப்புத்தாள்தான்.

தை பிறந்தது. ஜீவானந்தத்தைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினாள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் விளக்கைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்பேனரை வாங்கிக்கொண்டு குனிந்தார். மேனகா காதைக் கொடுத்து நின்றாள். டிரைவர் சீட்டுக்கு அடியில், அவள் கால் புகுந்த அதே இடத்தில் தட்டினார்.

டங்!

அவர் நிமிர்வதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. “ஏற்காட்டு வண்டின்னு சொல்றீங்க, அடியில துருவே காணோமே?” என்றார் இன்ஸ்பெக்டர். “காயப்போட்டு வெச்சிருந்தேனுங்க” என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளும் பத்மினி மூச்சு வாங்காமல் ஏறியது. எதிரே வந்த பஸ் டிரைவர் ஒதுங்கி நின்று கையைக் காட்டினார். கடைசி வளைவு தாண்டியதும், “நல்லாத்தான் ஓட்டறே” என்றார் ஜீவானந்தம். அவரிடமிருந்து அது வருவது லேசில்லை. மேனகா சந்தோஷம் தாங்காமல் களம் வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனாள்.

வெங்கடாசலம் பேச்சு மாறாதவர், அதைச் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டி, காயும் காபியைத் தள்ளிப் பரப்பும் கட்டையோடு களத்தில் இறங்கினார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேனகா கார் நிழலில் உட்கார்ந்து வேலை வாங்கினாள். “ரைட்டரய்யா, அந்த ஓரத்துல ஈரம் நிக்குது பாருங்க, நல்லாத் தள்ளுங்க!”

சாயங்காலம் கட்டையைச் சாத்திவிட்டு, தொட்டியில் கைகால் கழுவிக்கொண்டு அவர் காரருகே வந்து தயங்கி நின்றார். முப்பது வருடமாக அவளை வா, போ என்றே பேசியவர்.

“ஏனுங்க மேனகா, என்னையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போறீங்களா?”

மேனகா கதவைத் திறந்தாள். சொட்டிக்கொண்டிருந்த அவர் காலைப் பார்த்தாள். தோளில் கிடந்த துண்டை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

“மொதல்ல காலைத் தொடைங்க. ஈரத்தோட ஏறக்கூடாது.”